அமுக்கினால் ஓடும் மோட்டார்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வால்வு என்றால்தான் தெரியும். குழாய் வேலை பார்ப்பவர். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்துவிட்டுச் சும்மா வரமாட்டார். மாடித் தொட்டிக்குப் போகும் குழாயில் செக் வால்வு இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் அந்த வீட்டுக்காரருக்கு அன்று தலைவலிதான். "போன தண்ணி திரும்பி வரலாமா? வரக்கூடாது. ஒரு வால்வு போட்டுட்டா நிம்மதியா தூங்கலாம்" என்று ஆரம்பிப்பார், போட்டு முடிக்கும்வரை ஓயமாட்டார். தண்ணீரை ஒரு பக்கம் போக விட்டு, மறு பக்கம் திரும்ப விடாத சாமான் அது. எங்கள் வீட்டில் துணி துவைக்கிற இடத்துக் குழாயில்கூட ஒன்று மாட்டி வைத்திருக்கிறார். எதற்கென்று கடவுளுக்கே வெளிச்சம்.

ஆளும் அப்படித்தான். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிற வழக்கமே கிடையாது. முடிதிருத்துகிறவர் ஒருமுறை விளையாட்டாக, "உங்க தலையில வெட்ட என்ன சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டார். இனி இந்தக் கடைப் பக்கம் வரமாட்டேன் என்று எழுந்து வந்தவர்தான். அன்றிலிருந்து அக்காதான் அவருக்கு முடி வெட்டுகிறாள். பார்த்தாலே தெரியும்.

நான் திரைச்சீலை தைக்கிறவள். தனிக்கட்டை. அக்கா வீட்டின் பின்பக்க அறையில் என் தையல் மிஷின் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே முற்றம், முற்றம் தாண்டினால் சரிவு, சரிவு முடிந்தால் ஏரி. காலையில் எதிர்க்கரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. பனி வெள்ளையாக மூடிக் கிடக்கும். நான் ஒரு ஓரம் அடித்து முடிப்பதற்குள் அந்த வெள்ளையில் ஒரு கோடு விழும், கோடு மரங்களாகும், மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கூரை மெல்ல எழுந்து வரும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் தொழில் என்றும், தைப்பது நடுவில் தெரியாமல் நடந்துவிடுகிற வேலை என்றும் அக்கா கேலி செய்வாள்.

அந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான் அக்கா மகள் இருக்கிறாள். படகு மோட்டார் பழுதுபார்க்கிற கொட்டகை அது.

அவள் சின்ன வயதிலிருந்தே அத்தானோடு குழாய் தூக்கிக்கொண்டு அலைந்தவள். மரை வெட்டுவது, குழாய்களைக் கயிறு போட்டுக் கட்டுவது, மாடித் தொட்டிக்குள் இறங்குவது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. படிப்பு முடிந்ததும் அத்தான் ஒரு நாள் பட்டறை வாசலில் புதுப் பலகை மாட்டினார். 'குழாய் வேலை. அப்பாவும் மகளும்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் செய்தால்தான் சந்தோஷம் பெரிதாக இருக்கும் என்று நினைத்துவிட்டார் பாவம். அவள் பலகையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குக் குழாய் வேண்டாம்பா. எனக்கு மோட்டார்தான் பிடிச்சிருக்கு. எதிர்க்கரையில வேலைக்குச் சொல்லிட்டேன்."

அத்தான் ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. மேலேயே நின்றபடி சொன்னார். "போ. ஆனா ஒண்ணு. உன் வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

அவளும் அவருக்குப் பிறந்தவள்தானே. "நானும் உங்கள வாங்கன்னு கூப்பிட மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு பிடிவாதம், அந்தப் பக்கம் ஒரு பிடிவாதம். நடுவில் என் அக்கா.

'மகளும்' என்ற சொல்லின் மேல் அத்தான் வெள்ளைச் சாயம் பூசிவிட்டார். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அடியிலிருந்து அந்த எழுத்துகள் தெரியும். அந்த நேரத்தில் அவர் பட்டறை வாசல் பக்கம் வரமாட்டார்.

அக்கா மட்டும் அவ்வப்போது ஏரியைச் சுற்றிப் போகிற பஸ்ஸில் மகளைப் பார்க்கப் போவாள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட அத்தான் வருவார். சாயங்காலம் பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே நிறுத்தத்தில் போய் உட்கார்ந்திருப்பார். ஆனால் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அக்கா வீட்டுக்கு வந்து, முற்றத்தில் இருக்கிற அவருக்குக் கேட்கிற மாதிரி என்னிடம் சொல்லுவாள். இளைத்துவிட்டாள், நல்ல பெயர் வாங்கியிருக்கிறாள், வீடு கொட்டகைக்குப் பின்னாலேயே இருக்கிறது, சமையலறைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. குழாய் என்றதும் அத்தானின் காது நிமிரும். "அவளுக்குத் தெரியாத வேலையா?" என்று காற்றிடம் சொல்வார்.

இப்படி இருக்கையில்தான் அந்த மோட்டார் வீட்டுக்கு வந்தது. ஏரிக்கரையில் ஒரு பழைய படகு வீட்டை இடித்தார்கள். தண்ணீர்க் குழாய்களை மூடிவிட்டு வரப் போன அத்தான், ஒரு மரப் படகையும் அதன் முதுகில் மாட்டுகிற மோட்டாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். உரிமையாளர் தூக்கிப் போடச் சொன்னாராம். மோட்டார் என் அக்காவைவிட வயதில் மூத்தது. பச்சை வண்ணம், உருண்டைத் தலை, முன்னால் ஒரு இழுகயிறு. குழாய்க்காரருக்கு மோட்டார் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

அதன் பெட்ரோல் ஏற்பாடு பழைய காலத்தது. மோட்டாருக்கும் பெட்ரோல் டப்பாவுக்கும் நடுவே ஒட்டிப் பிறந்த மாதிரி இரண்டு குழாய்கள். ஒன்றின் வழியாக மோட்டார் டப்பாவுக்குள் காற்றை ஊதும். அந்தக் காற்று முட்டித் தள்ளுவதில் மற்றக் குழாய் வழியாகப் பெட்ரோல் மேலே ஏறும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் டப்பா முழுக்க அழுத்தம். மூடியின் ரப்பர் கொஞ்சம் வறண்டுவிட்டால் போதும், பெட்ரோல் பீச்சியடிக்கும். ஒரு நாள் அடித்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு வீட்டுத் திரைச்சீலை முழுவதும், என் இரண்டு நாள் உழைப்பு, நாறிப் போனது. நான் கத்தினதை விடுங்கள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து நிதானமாகச் சொன்னாள்.

"இந்த வீட்டுல ஒண்ணு இந்த டப்பா இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அத்தான் பதில் சொல்லக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அதற்கு அக்கா தனியாக ஒரு வாரம் பேசவில்லை.

அடுத்த முறை எதிர்க்கரைக்குப் போய்விட்டு வந்தபோது அக்காவின் கையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. சணல் கயிற்றால் கட்டியிருந்தது. "பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில இருந்துச்சு. பழைய மோட்டாரைப் புதுசு பண்ற சாமானாம். வாங்கினேன்" என்றாள். அக்காவுக்குப் பொய் வராது. பொய் சொன்னால் காதைத் தொட்டுக்கொள்வாள். காதைத் தொட்டுக்கொண்டுதான் சொன்னாள்.

அத்தான் பெட்டியை வாங்கி, கயிற்றின் முடிச்சையே கொஞ்ச நேரம் பார்த்தார். கத்தரிக்கோலை நீட்டினேன், வாங்கவில்லை. நகத்தால் நெம்பிப் பொறுமையாக அவிழ்த்து, கயிற்றைச் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே ஒற்றைக் குழாய் ஒன்று, அதன் நடுவில் கையில் பிடித்து அமுக்குகிற ரப்பர் உருண்டை, உள்ளங்கை அளவில் ஒரு பம்பு, கார்புரேட்டருக்கு வேண்டிய சின்னச் சின்னச் சாமான்கள். அழுத்தமே இல்லாத புதுப் பெட்ரோல் டப்பா ஒன்றையும் பஸ் நிறுத்தத்திலிருந்து அத்தான் தூக்கி வந்திருந்தார்.

"கடைக்காரர் ஒண்ணு சொன்னார்" என்றாள் அக்கா. "மோட்டார்லேர்ந்து காத்து வெளிய வர்ற வழியில ஒரு குட்டி வால்வு இருக்குமாம். பம்பு மாட்டும்போது அதை எடுத்துடணுமாம்."

"யாரு, கடைக்காரரா?"

"ஆமா. கடைக்காரர்தான்." கை காதுக்குப் போனது.

"வால்வை எடுக்கச் சொல்ற கடையில இனிமே குண்டூசிகூட வாங்காத" என்றார் அத்தான்.

பிறகு வந்த நாட்கள் எனக்குக் கனவு போலத்தான் நினைவிருக்கின்றன. மழை வரும்போல இருந்து வராத நாட்கள். அத்தான் என் ஜன்னலுக்குக் கீழே பலகை போட்டு, மிச்சத் துணியை விரித்து, மோட்டாரின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பரப்பினார். ஏரியிலிருந்து எழுந்த ஈரவெள்ளை அவர் தோள்வரைக்கும் வந்து நிற்கும். அதற்குள் பித்தளை மட்டும் மினுங்கும். நான் மிஷினை நிறுத்தினால் அவர் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்கும். அவர் நிறுத்தினால் தண்ணீர் கரையைத் தொடுகிற சத்தம் கேட்கும்.

கார்புரேட்டரைத் திறந்த அன்று குழந்தை மாதிரி கூவினார். "ஏய், இங்க வா! இது நம்ம மாடித் தொட்டிதான்!"

எட்டிப் பார்த்தேன். சின்னக் கிண்ணம், அதற்குள் ஒரு மிதவை, மிதவை எழும்பினால் வழியை அடைக்கிற ஊசி. தொட்டி நிரம்பினால் பந்து மிதந்து குழாயை அடைக்குமே, அதே ஏற்பாடு. பழைய மிதவை தக்கையில் செய்தது. இந்தக் காலத்துப் பெட்ரோல் அதன் மேல்பூச்சைத் தின்று, கொழகொழவென்று ஆக்கியிருந்தது. அதை எடுத்துவிட்டுப் பெட்டியிலிருந்த புது மிதவையை மாட்டினார். துளைகளைச் செம்புக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார். அவருக்குத் தெரிந்த உலகம் அது. மிதவை, ஊசி, மட்டம். அந்தத் தெம்பில்தான் தவறும் நடந்தது. இரட்டைக் குழாயைக் கழற்றினார், பம்பைப் பொருத்தினார். காற்று வருகிற துளையில் அந்தக் குட்டி வால்வு உட்கார்ந்திருந்தது. அதைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார்.

தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரைத் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தோம். அக்கா ரப்பர் உருண்டையை ஆசையாக அமுக்கிக்கொண்டே இருந்தாள். நாலாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது. அந்தச் சத்தம்! அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். முற்றம் முழுக்க நீலப் புகை. எதிர்வீட்டுக்காரர் இருமிக்கொண்டே சண்டைக்கு வந்ததால் உடனே நிறுத்திவிட்டோம். அத்தானுக்கு முகமெல்லாம் பல்.

ஞாயிற்றுக்கிழமை படகை இறக்கினோம். "நடு ஏரி வரைக்கும்தான்" என்று அத்தான் கிளம்பும்போதே மூன்று தடவை சொன்னார். யாரும் மறுக்கவில்லை. அக்கா முன்னால், நான் நடுவில் பெட்ரோல் டப்பாவுக்குப் பக்கத்தில், அவர் பின்னால் மோட்டாரோடு. துடுப்பு ஒன்றுதான். அதன் ஜோடி துணிக்கொடிக்கு முட்டாக நின்றுகொண்டிருந்தது, பிடுங்க அக்கா விடவில்லை. கிளம்புகிறபோது நான்தான் உருண்டையை அமுக்கினேன். அமுக்குவது சுகமாக இருந்ததால் சும்மாவே அமுக்கிக்கொண்டு வந்தேன். கரை பின்னால் போய், வீடு தீப்பெட்டியாகி, வெள்ளைக்குள் கரைந்தது. எதிர்க்கரை இன்னும் பிறக்கவில்லை. மேலும் கீழும் ஒரே நிறம். நான் கையை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஒரு விக்கல் விக்கி நின்றுபோனது.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது? காதுக்குள் பஞ்சு வைத்த மாதிரி. படகு தானாக மெல்லச் சுற்றியது. எந்தப் பக்கம் வீடு என்று தெரியவில்லை. பயப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் மூன்று பேருமே சும்மா உட்கார்ந்திருந்தோம். அக்கா முகத்தில் இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத ஒரு ஓய்வு. காற்று எங்களைத் தள்ளிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு அத்தான் கயிற்றை இழுத்தார். பிடிக்கவில்லை. நான் உருண்டையை அமுக்கினேன், பிடித்தது. அமுக்குவதை நிறுத்தினேன், கொஞ்ச தூரத்தில் நின்றது. மறுபடி அமுக்கினேன், ஓடியது.

"அத்தான், இது நான் அமுக்கினாதான் ஓடுது. உங்க பம்பு வேலை செய்யல."

"செய்யும். செய்யாம எப்படி?"

"கைய எடுக்கறேன் பாருங்க."

எடுத்தேன். நின்றது. அவர் முகம் சுருங்கிப் போனது.

அதற்குள் வெள்ளை விலகி, தகரக் கூரை தெரிந்தது. இத்தனை பக்கத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. சுவரில் சாய்த்த துடுப்புகள்கூடத் தெரிந்தன. வீடு இருக்கிற பக்கம் திரும்பினால் எதிர்க்காற்று. அத்தான் இரண்டு கரைகளையும் மாறிமாறிப் பார்த்தார். அக்கா மூச்சு விடவில்லை.

"என் கை விட்டுப் போச்சு அத்தான். அவ்வளவு தூரம் என்னால அமுக்க முடியாது. எந்தக் கரை கிட்டவோ அங்க விடுங்க" என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். திரைச்சீலை தைக்கிற கை அவ்வளவு சீக்கிரம் ஓய்ந்துவிடாது.

அவர் மோட்டாரைத் திருப்பினார். நானும் அக்காவும் மாறிமாறி அமுக்கினோம். ஒவ்வொரு அமுக்கலுக்கும் சத்தம் ஏறி, அடுத்த அமுக்கலுக்குள் இறங்கியது. அந்த ஏற்ற இறக்கம் எங்களுக்கு முன்னால் கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். படகுத்துறையில் அவள் வந்து நின்றாள். முழங்கை வரை கறுப்பு எண்ணெய், கையில் ஸ்குரூ டிரைவர். அவ்வளவு நாள் கழித்து அப்பாவும் மகளும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான்:

"அமுக்கினா ஓடுதா?"

"ஓடுது."

"அமுக்காட்டி?"

"நின்னுடுது."

அவள் படகில் இறங்கி, பம்பைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு அந்தக் குட்டி வால்வை எடுத்தாள். அவர் உள்ளங்கையில் வைத்தாள். "மோட்டார் ஒரு தடவை ஊதும், ஒரு தடவை உறிஞ்சும்பா. ரெண்டும் சேர்ந்தாதான் பம்புக்குள்ள ரப்பர் ஏறி இறங்கும். இது இருந்தா ஊதறது மட்டும்தான் வரும். ரப்பர் ஒரே பக்கமா ஒட்டிக்கிட்டு நிக்கும். எடுக்கணும்னு அம்மா சொல்லலையா?"

"சொன்னா. கடைக்காரர் சொன்னதா சொன்னா."

அக்கா ஏரியைப் பார்த்தாள்.

"எந்தக் கடைக்காரர் அந்த முடிச்சுப் போடுவார்?" என்றார் அத்தான். "குழாய்க் கட்டுக்கு நான் சொல்லிக் குடுத்த முடிச்சு."

"அப்ப தெரிஞ்சேதான் எடுக்கலையா?"

அவர் வால்வைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குள்ளிருந்து சணல் கயிற்றின் நுனி எட்டிப் பார்த்ததை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

பம்பை மாட்டி ஓட விட்டாள். மோட்டார் தானாக ஓடியது. ஒரே சீராக, விக்கல் இல்லாமல். என் கை மட்டும் பழக்கத்தில் உருண்டையைப் பிடித்திருந்தது. பிறகு அவள் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரிலிருந்து பெட்ரோல் குழாயைப் பிடுங்கிக் கீழே போட்டாள். "நிறுத்தறப்ப இப்படித்தான் நிறுத்தணும்பா. கிண்ணத்துல இருக்கற பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓடட்டும். கிளம்பறப்ப குழாயை மாட்டி, உருண்டையை அமுக்கி, அப்புறம் கயிறு இழுங்க." மோட்டார் கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு ஓய்ந்தது.

இனி கிளம்ப வேண்டியதுதான். கொட்டகைக்குப் பின்னால் அவள் வீடு. நீலக் கதவு திறந்து கிடந்தது. அவள் வாங்க என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். துறையில் இறங்கிய அக்கா திரும்பப் படகில் ஏறாமல் அங்கேயே நின்றாள். அவள் கண் நிரம்பிவிட்டது. எனக்கு அப்பா, மகள் இரண்டு பேரையும் பிடித்துத் தண்ணீரில் தள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

"நேரமாச்சு, கிளம்பலாம்" என்று அத்தான் பின்னால் போய் உட்கார்ந்து கயிற்றை இழுத்தார். மோட்டார் எழும்பவில்லை. மறுபடி இழுத்தார். மறுபடியும். நெற்றியில் வேர்வை. "என்னன்னு தெரியல" என்று முணுமுணுத்தார்.

நான் குனிந்து பார்த்தேன். பெட்ரோல் குழாய் மாட்டப்படவே இல்லை. அதன் நுனி படகின் அடியில் கிடந்தது. அதன் மேல் அத்தானின் வலது கால் அழுத்தமாக ஊன்றியிருந்தது.

நிமிர்ந்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாளைக்கு எத்தனை மோட்டார் பார்க்கிறவள், குழாய் கழன்று கிடப்பது தெரியாதா?

"எழும்பாது போலப்பா" என்றாள். "பழைய மோட்டாரு. கொஞ்சம் ஆறட்டும்."

"ஆமா. ஆறட்டும்."

அப்போது வீட்டுக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சொட். கொஞ்சம் பொறுத்து, சொட். அத்தானின் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

"குழாய் ஒழுகுது."

"ம்."

"எத்தனை நாளா?"

"வந்ததிலேர்ந்து."

"வாஷர்தானே? உனக்குத் தெரியாத வேலையா? ஏன் மாத்தல?"

அவள் தரையைப் பார்த்தாள். ஸ்குரூ டிரைவரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"வந்து பாருங்கப்பா" என்றாள்.

வாங்க என்று அவள் கூப்பிடவில்லை; அதை இன்றைக்கும் அடித்துச் சொல்வாள். அத்தான் படகிலிருந்து இறங்கி, அவள் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கிக்கொண்டு நடந்தார். நீலக் கதவுக்கு முன்னால் ஒரு நொடி நின்றார். பிறகு வேட்டைக்குப் போகிற கொக்கு மாதிரி காலை உயரத் தூக்கி, வாசற்படியில் ஒரு நகம்கூடப் படாமல் தாண்டி உள்ளே போனார். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் படகிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே சொட்டுகிற சத்தம் நின்றது. நின்ற பிறகும் அவர்கள் யாரும் வெளியே வரவில்லை. பெட்ரோல் குழாயின் நுனியைக் கையில் எடுத்துத் துடைத்தேன். மாட்டாமல் அப்படியே கீழே வைத்துவிட்டு நானும் இறங்கிப் போனேன்.